மேலச்சுனை விலக்கு

ஏப்ரல் 8, செவ்வாய்

எலுமிச்சை மண்டிக்காரர்கள் ஜனவரியில் கொடுத்த இந்த டைரியை இன்றுதான் உறையிலிருந்து எடுத்தேன். முதல் மூன்று மாதப் பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. கிடக்கட்டும். இன்றைக்கு எழுத விஷயம் இருக்கிறது.

மத்தியானம் ஒரு பிளவுஸுக்குக் கொக்கி தைத்துக்கொண்டே டி.வி.யில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தேன். பேரூராட்சித் தலைவி ஆகி இரண்டு வருடம் முடிந்தும் தையலை நான் விடவில்லை. வாக்கு கேட்டுப் போனபோது பாதி வீடுகளில் "அட, நம்ம தமயந்தி டெய்லரா" என்றுதான் கதவைத் திறந்தார்கள். அதனால் அதை விட மனம் வரவில்லை.

சட்டசபையில் ஒரு மசோதா தாக்கலாகியிருக்கிறதாம். அதிவேக இணையத்துக்குக் கண்ணாடி இழைக் கேபிள் பதிக்கிறவர்களிடம் உள்ளாட்சிகள் வாங்கும் கட்டணத்துக்கு உச்சவரம்பு. செய்தி வாசித்த பெண் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு மாம்பழ விலைக்குப் போய்விட்டாள். எனக்கு ஊசி விரலில் ஏறிவிட்டது.

பிப்ரவரியில் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றிலிருந்து நிரஞ்சனா என்ற பெண் பொறியாளர் என்னைப் பார்க்க வந்திருந்தாள். நெடுஞ்சாலை ஓரமாகவே கேபிள் பதித்துக்கொண்டு வருகிறார்கள். எங்கள் ஊர் சாலை பிரிகிற மேலச்சுனை விலக்கைத் தாண்டித்தான் போகும். விலக்கிலிருந்து ஊருக்கு மூன்றே கிலோமீட்டர். ஆனால் அந்த மூன்று கிலோமீட்டருக்கு நாங்கள் கேட்கிற சாலை வெட்டுக் கட்டணம், பக்கத்துப் பேரூராட்சி கேட்பதைப்போலப் பல மடங்கு. "உங்க ஊரை விட்டுட்டு நேரா போறதுதாங்க எங்களுக்குக் கட்டுபடியாகுது, மேடம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் பதவி ஏற்ற முதல் மாதம் போட்ட தீர்மானம் அது. அதற்கு மேல் என்ன பேச?

இப்போது சட்டமே வருகிறது. அவரிடம் சொல்ல ஓடினேன். அவர் ரிமோட்டை எடுத்து கிரிக்கெட் வைத்தார். மசோதான்னா சட்டம் இல்லை, வரும்போது பார்ப்போம் என்றார்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர் ஐயம்பெருமாள். 'சுனை கேபிள் விஷன்' அவருடையது. இந்த ஊரில் டி.வி. ஓடுகிற வீடுகளில் பெரும்பாலும் அவர் இழுத்த கேபிள்தான். கேபிள் தொழிலில் இருப்பவருக்கு இந்தச் செய்தி என்னைவிட அதிகச் சந்தோஷம் தரும் என்று நினைத்தேன். வெயில் அலுப்பு போலிருக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

செயல் அலுவலர் எஸ்தர் மேடமும் அந்தச் செய்தியைக் கேட்டிருக்கிறார். ஆபீஸில் நாங்கள் இரண்டு பேரும் கல்லூரிப் பிள்ளைகள் மாதிரி சிரித்தோம்.

ஏப்ரல் 17, வியாழன்

ரேஷன் கடைக்குப் போனேன். கைரேகை வைக்கிற இயந்திரத்துக்கு சிக்னல் கிடைக்கவில்லை. கடைக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். பின்னாலேயே படிக்கட்டு முழுக்க வரிசை. முட்டி வலிக்காரர்கள் கீழேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்காக அவர் இயந்திரத்தைக் கீழே கொண்டுவந்தால் சிக்னல் போய்விடுகிறது. மேலே கொண்டுபோனால் கட்டைவிரல் கீழே இருக்கிறது. மாடி ஏற முடியாத ஒரு அம்மா என்னைப் பார்த்து, தலைவியம்மா, என் விரலை மட்டும் வெட்டி மேலே அனுப்பட்டுமா என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கோபமாக இருந்தது.

ஏப்ரல் 24, வியாழன்

மசோதா இன்று விவாதத்துக்கு வந்தது. வீட்டு டி.வி.யில் பார்த்தால் அவர் கேலி செய்வார் என்று மொட்டை மாடிக்குப் போய் போனில் பார்த்தேன். படம் நின்று நின்று வந்தது. ஒரு உறுப்பினர், உள்ளாட்சிகளின் சொந்த வருமானத்தில் கை வைக்கிறீர்கள், தெருவிளக்குக்கு யார் பணம் தருவார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அமைச்சர் எழுந்து, ஒரு ஊர் தன் வாசலில் சுங்கச்சாவடி வைத்தால் அந்த ஊருக்கு அப்பால் இருக்கிற எல்லா ஊரும் சேர்ந்துதான் இருட்டில் கிடக்கும் என்றார். அந்த நேரம் பார்த்துப் படம் நின்றுவிட்டது. அமைச்சர் வாயைத் திறந்தபடியே இருந்தார். ஓட்டெடுப்பைப் பார்க்காமலே இறங்கி வந்தேன்.

கீழே அவர் தன் டி.வி.யில் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். "நிறைவேறிடுச்சு" என்றார். நான் கை தட்டிவிட்டேன். அவர் சாப்பிடப் போய்விட்டார்.

மே 2, வெள்ளி

வீடு ஒதுங்க வைத்தேன். கட்டிலுக்கு அடியில் செட்டாப் பாக்ஸுகள் அடுக்கியிருக்கின்றன. பழுது பார்க்க வைத்திருக்கிறாராம். பெருக்குமாறு உள்ளே போகவில்லை.

மே 19, திங்கள்

நிரஞ்சனா போன் செய்தாள். கேபிள் பதிக்கும் இயந்திரம் ஜூன் கடைசியில் மேலச்சுனை விலக்குக்கு வந்துவிடும். சட்டம் அதற்குள் அமலுக்கு வந்து, எங்கள் பேரூராட்சி அனுமதியும் கையில் இருந்தால் உள்ளே திரும்புவார்கள். இல்லையென்றால் நேராகப் போய்விடுவார்கள். அந்த வேலை முடிந்ததும் இயந்திரம் வேறு மாவட்டத்துக்குப் போகிறது. மூன்று கிலோமீட்டருக்காக அதைத் திருப்பிக் கொண்டுவர மாட்டார்களாம்.

அவளுக்கும் ஆசை இருக்கிறது. நம்ம பக்கமே வர்ற கேபிள், ஊருக்குள்ள வராமப் போனா எனக்கும் மனசு கேக்காதுங்க மேடம் என்றாள். விண்ணப்பத்தை இன்றே அனுப்பிவைக்கச் சொன்னேன்.

ஜூன் 6, வெள்ளி

அரசிதழில் வந்துவிட்டது. அமலுக்கு வந்துவிட்டது. எஸ்தர் மேடம் இரண்டு பிரதி எடுத்து ஒன்றை என்னிடம் தந்தார்.

இதுவரை ஆபீஸ் காகிதம் எதையும் நான் முழுதாகப் புரிந்து வாசித்ததில்லை. என் வீட்டுக்காரர் காலையில் வாசித்துவிட்டு இன்னின்ன விஷயம் என்று சொல்லுவார். நான் கையெழுத்துப் போடுவேன். அது ஒரு வசதி. இன்று அவர் வெளியூர் போயிருந்ததால் நானே உட்கார்ந்தேன். முதல் பக்கம் முழுக்க 'என்பதற்கு என்று பொருள்' என்றே இருந்தது. இரண்டாம் பக்கத்தில் கதவு திறந்த மாதிரி ஆகிவிட்டது. துணி வெட்டும் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு புதுத் துணியைப் பார்க்கிற மாதிரி, எது முன்பக்கம், எது கை, எங்கே மடிப்பு என்று தெரிந்துவிட்டது.

விண்ணப்பக் கட்டணத்துக்கு ஒரு வரம்பு. அதற்கு மேல் வருட வாடகை, மேம்பாட்டு நிதி என்று எந்தப் பெயரிலும் வாங்கக் கூடாது. முன்பு போட்ட தீர்மானம் எதுவானாலும் செல்லாது. குறித்த காலத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே ஆகும். ஆனால், இதுதான் எனக்குப் பிடித்தது, தோண்டிய சாலையைப் பழையபடி ஆக்கித் தரச் சொல்லி ஊர் கட்டளையிடலாம். அதற்கு ஈடாக வைப்புத்தொகை வாங்கலாம். சரியாகச் செய்யாவிட்டால் அதை வைத்து நாமே போட்டுக்கொள்ளலாம்.

எஸ்தர் மேடத்திடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மேடம் நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் என்றார். வீட்டுக்கு வந்து பூரி போட்டேன். விசேஷ நாளில்தான் நான் பூரி போடுவேன்.

ஜூன் 9, திங்கள்

காலம் கடந்தால் அனுமதி தானாகக் கிடைத்துவிடுமே, பிறகு ஏன் கவலை என்று நேற்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று நாள்காட்டியைப் பார்த்தேன். அந்தக் காலம் முடியும்போது இயந்திரம் எங்கள் விலக்கைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கும். நாங்கள் வேண்டாம் என்று சொல்லவே வேண்டாம். சும்மா இருந்தாலே போதும்.

ஜூன் 24 மன்றக் கூட்டத்தில் வைத்துவிடச் சொன்னேன். பொருள் வரிசையில் முதலாவதாக.

ஜூன் 13, வெள்ளி

திருச்செந்தூர் போய் எத்தனை வருடம் ஆகிறது, 23ஆம் தேதி கிளம்பி இரண்டு நாள் தங்கிவிட்டு வரலாம் என்று சொன்னார். அவராக இப்படிக் கேட்டு எனக்கு நினைவே இல்லை. அறை கூடப் பார்த்து வைத்திருக்கிறாராம். 24ஆம் தேதி கூட்டம் இருக்கிறதே என்றேன். ஒரு கூட்டம் தள்ளிப்போனால் ஊர் முழுகிவிடாது என்றார்.

தேதியை மறந்திருப்பார். ஜூலையில் போகலாம் என்று சொன்னேன். பட்டுச் சேலையை மட்டும் வெயிலில் போட்டு எடுத்து வைத்தேன்.

ஜூன் 16, திங்கள்

இன்னும் ஏழெட்டு செட்டாப் பாக்ஸ் வந்திருக்கிறது. இப்போது கட்டிலுக்கு அடியில் இடமில்லாமல் தையல் மிஷின் பக்கம் அடுக்கியிருக்கிறார். இவ்வளவு பெட்டி ஒரே நேரத்தில் பழுதாகுமா? இடி விழுந்திருக்கலாம்.

ஜூன் 19, வியாழன்

துணைத்தலைவர் பீர் முகம்மது வீட்டுக்குப் போனேன். அவர் எதிர்த்தால் அவர் பக்கத்து உறுப்பினர்கள் எல்லோரும் எதிர்ப்பார்கள். பதவி ஏற்ற நாளிலிருந்து எங்களுக்குள் ஒத்துப் போனதில்லை. எந்தத் தீர்மானம் வைத்தாலும் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்பார். கூட்டம் பார்க்க வந்து சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரரைப் பார்ப்பேன். அவர் புருவத்தைத் தூக்கினால் அடுத்த பொருளுக்குப் போவேன்.

பாய் வீட்டம்மாவுக்கு இன்னும் இடது மணிக்கட்டு சரியாக மடங்கவில்லை. குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிவிட்டு ஒப்பந்தக்காரர் மூடாமல் போன பள்ளத்தில் ஸ்கூட்டரோடு விழுந்தவர். அந்தக் கையாலேயே சுக்கு டீ கொண்டுவந்து வைத்தார். பாய் அதைக் காட்டி, இணையம் வரட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் இன்னொரு பள்ளம் வந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன் என்றார். நான் சட்டத்தின் பிரதியைப் பிரித்து அந்த இடத்தை வாசித்துக் காட்டினேன். வைப்புத்தொகை, காலக்கெடு, எல்லாம். அனுமதியிலேயே அதை நிபந்தனையாக எழுதுவோம் என்றேன். அவர் வாங்கி இரண்டு முறை வாசித்தார்.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். நான்தான், அந்தப் பழைய கட்டணம்கூட ரோட்டைக் காப்பாற்றத்தானே போட்டோம் பாய் என்று சொல்லிவிட்டேன்.

அவர் பிரதியை மடித்து என்னிடம் தந்தார். பிறகு மெதுவாகத்தான் கேட்டார்.

"தலைவரம்மா, நீங்க விளையாட்டுக்குச் சொல்லுதீங்களா, நெசமாவே சொல்லுதீங்களா? ஏற்கெனவே இழுத்த கேபிளுக்கு இந்தக் கட்டணம் பொருந்தாதுன்னு அன்னைக்குத் தீர்மானத்துக் கடைசியில ஒரு வரி வாசிச்சீங்கள்ல. இந்த ஊருல ஏற்கெனவே கேபிள் இழுத்திருந்தது யாரு?"

டீ நன்றாக இருந்தது. சுக்கோடு கொஞ்சம் ஏலமும் தட்டிப் போடுவாராம். பக்குவம் கேட்டுக்கொண்டு வந்தேன்.

ஜூன் 20, வெள்ளி

மாவு அரைக்கவில்லை. எழுதவும் ஒன்றுமில்லை.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் அவர் மாடித் தொட்டிக்கு மோட்டார் போட்டுவிட்டு முற்றத்தில் நின்றிருந்தார். நான் உள்ளே போய் ஒரு செட்டாப் பாக்ஸை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"இதுல என்ன பழுது?"

அவர் அதைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல. எல்லாம் நல்லாத்தான் ஓடும்."

"பின்ன?"

"திருப்பிக் குடுத்துட்டுப் போறாங்க. அரையும் குறையுமா சிக்னல் கெடச்சாலும் போன்ல படம் பாக்காங்க. அந்தக் கண்ணாடிக் கேபிளும் வந்தா மிச்சம் இருக்கவனும் போயிருவான்." பெட்டியைக் கையில் எடுத்துத் தூசியைத் துடைத்தார். "வீட்டுல சொல்ல வெக்கமா இருந்துச்சு."

இருபது வருடமாக அந்த மனிதர் மழையிலும் காற்றிலும் கம்பம் கம்பமாக ஏறி இழுத்த கேபிள். எனக்குத் தெரியாதா. கல்யாணமான புதிதில் கீழே நின்று ஏணியைப் பிடித்தவளே நான்தானே. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"அந்தக் கட்டணத் தீர்மானம் இதுக்குத்தானா?"

"நீ வாசிக்கும்போது என்ன ஏதுன்னு கேக்கலியே."

"இனிமே கேப்பேன்."

தொட்டி நிரம்பித் தண்ணீர் கொட்டியது. மோட்டாரை நிறுத்த இரண்டு பேரும் போகவில்லை. பிறகு அவர்தான் போய் நிறுத்தினார். அப்படியே சட்டையை மாட்டிக்கொண்டு கேபிள் ஆபீஸுக்குப் போய்விட்டார். மத்தியானம் சாப்பிட வரவில்லை. தூக்குவாளியில் கொடுத்துவிட்டேன். வாளி காலியாகத் திரும்பி வந்தது, அதுவரைக்கும் சரி.

செவ்வாய்க்கிழமை பேச வேண்டியதைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். குரல் நடுங்குகிறது. பயம் என்று நினைத்தேன். பயம் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயக் கோட்டில் நிற்கும்போது இப்படித்தான் இருக்கும்.

ஜூன் 24, செவ்வாய்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நிறைவேறிவிட்டது.

சுவரோரப் பெஞ்சு காலியாக இருந்தது. அவர் வரவில்லை. நான் பொருளை வாசித்து முடித்ததும் எங்கள் பக்கத்து உறுப்பினர்கள் வழக்கம்போல அந்தப் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே யாருமில்லாததால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அவருடைய நண்பர், நான்காம் வார்டு உறுப்பினர் எழுந்தார். புதுச் சட்டம், நமக்கு ஒன்றும் புரியவில்லை, அரசிடம் விளக்கம் கேட்டு எழுதுவோம், அடுத்த மாதம் பார்ப்போம் என்றார். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள்.

"எது புரியலன்னு சொல்லுங்க, இப்பவே சொல்லுதேன்" என்றேன்.

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. ஊர் வருமானம் போகிறதே என்றார். இரண்டு வருடத்தில் அந்தக் கட்டணத்தில் ஊருக்கு ஒரு பைசா வந்ததா என்று எஸ்தர் மேடத்திடம் கேட்டேன். வரவில்லை என்றார். யாரும் வராத கடையில் விலைப்பலகை மட்டும் பெரிதாக எழுதி வைத்திருந்தோம், அவ்வளவுதான் என்றேன். சாலையைக் கெடுத்துவிடுவார்களே என்று அடுத்த கேள்வி. நிபந்தனைகளை வாசித்தேன். காலக்கெடு ஏன் இத்தனை அவசரம் என்றார்கள். இயந்திரம் இப்போது எங்கே நிற்கிறது, எப்போது விலக்குக்கு வரும், எப்போது போய்விடும் என்று சொன்னேன். ரேஷன் கடை மாடிப்படியைச் சொன்னேன். அந்தப் படியில் எல்லோர் வீட்டு ஆட்களும் நின்றிருக்கிறார்கள்.

கடைசியாகப் பீர் முகம்மது பாய் எழுந்தார். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பள்ளத்தை மூடாவிட்டால் நோட்டீஸ் அனுப்புவது யார்? நான்தான் என்றேன். தலைவர் பெயரில் வேறு யாரும் இல்லையே என்றார். இல்லை என்றேன். அவர் உட்காராமல் நின்றபடியே கையைத் தூக்கினார். பிறகு கைகள் வரிசையாக எழுந்தன. நான்காம் வார்டு மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆபீஸ் பின்பக்கம் போய் நிரஞ்சனாவுக்கு போன் செய்தேன். லைன் கிடைக்க நாலு முறை ஆனது. அவள் அந்தப் பக்கம் கத்தின கத்தில் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன்.

வீட்டில் அவர் இருந்தார். விஷயம் எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. "நல்லாப் பேசுனியாமே" என்றார். நான் தோசை வார்த்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

வந்துவிட்டது! காலையிலேயே விலக்குக்குப் போய்விட்டேன். மஞ்சள் இயந்திரம். முன்னால் ஒரு பெரிய பல் சக்கரம் மண்ணைக் கொறித்துக்கொண்டே வருகிறது. பின்னால் ஆரஞ்சு நிறக் குழாய் உருளையிலிருந்து பிரிந்து பிரிந்து பள்ளத்துக்குள் இறங்குகிறது. எவ்வளவு அகலமான பள்ளம் வருமோ என்று பயந்திருந்தேன். ஒரு முழம்கூட இல்லை. அதற்குப் பின்னாலேயே இன்னொரு கூட்டம் மண்ணை மூடி இறுக்கிக்கொண்டு வருகிறது. பீர் முகம்மது பாய் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு மூடிய இடத்தைக் குத்திக் குத்திப் பார்த்தபடி நடந்தார். ஒரு இடம் குச்சி உள்ளே போனது. திரும்பவும் இறுக்க வைத்துவிட்டார்.

குழாய்க்குள் போகப்போகிற இழையை நிரஞ்சனா காட்டினாள். தலைமுடி மாதிரி இருக்கிறது. கண்ணாடி என்றால் நம்ப முடியவில்லை. இதுக்குள்ள வெளிச்சம் ஓடுமா என்று கேட்டேன். ஓடுங்க மேடம், உங்க ஊர் மொத்தமும் பேசுறத இது ஒண்ணே தூக்கிட்டுப் போயிரும் என்றாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. இதற்காகவா இத்தனை நாள் தூக்கமில்லை.

ஊர்க்காரர்கள் சாலை நெடுக நின்றார்கள். மண்டியிலிருந்து யாரோ வேலையாட்களுக்கு எலுமிச்சை ஜூஸ் ஒரு டிரம் அனுப்பியிருந்தார்கள்.

அவரும் இருந்தார். தள்ளி, ஒரு வேப்பமரத்தடியில், கையைக் கட்டிக்கொண்டு. நான் அந்தப் பக்கம் போனேன். அதற்குள் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 4, வெள்ளி

நிரஞ்சனா சொன்ன ஒரு விஷயம். நேற்றும் முந்தாநாளும் அவர் வேலை நடக்கிற இடத்துக்குப் போய் அவளிடம் பேசியிருக்கிறார். ஊர் எல்லைவரை நீங்கள் கொண்டுவந்துவிடுவீர்கள், அங்கிருந்து தெருத்தெருவாக, வீடுவீடாக யார் கொண்டுபோவார்கள் என்று கேட்டாராம். அதற்கு உள்ளூரில் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று இவள் சொல்லியிருக்கிறாள். என்னை மாதிரிச் சின்ன ஆள் கேட்டாலும் கட்டணம் அந்த வரம்புக்குள்தானா என்று இரண்டு முறை கேட்டாராம்.

"அவரு உங்க சாருன்னு அப்புறந்தாங்க தெரியும்" என்றாள் நிரஞ்சனா.

என்னிடமே கேட்டிருக்கலாம். எனக்குப் பிரிவு எண்ணோடு தெரியும். ஆனாலும் இன்று முழுக்க எதற்கென்று தெரியாமல் பாட்டு முனகிக்கொண்டே தைத்தேன். ஒரு பிளவுஸுக்கு இரண்டு கையும் இடது கையாகத் தைத்து, பிரித்துத் தைக்க வேண்டியதாகிவிட்டது.

ஜூலை 12, சனி

ரேஷன் கடைக்கு முதல் இணைப்பு. கைரேகை இயந்திரம் கடைக்குள்ளேயே, மேஜை மேல், உட்கார்ந்த இடத்தில் வேலை செய்கிறது. கடைக்காரர் அதை நம்ப முடியாமல் இரண்டு முறை கையில் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஜூலை 25, வெள்ளி

மன்றக் கூட்டத்துக்கான பொருள்களை எஸ்தர் மேடம் கொண்டுவந்தார். மூன்றாவதாக, ஊருக்குள் தெருக்களில் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுபோக அனுமதி கோரும் விண்ணப்பம். விண்ணப்பதாரர்: ஐயம்பெருமாள், சுனை கேபிள் விஷன். புதன்கிழமை கவுன்டரில் வரிசையில் நின்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் அப்போது மாடியில் இருந்திருக்கிறேன். வீட்டில் ஒரு வார்த்தை இல்லை.

இது உங்க வீட்டு விஷயம், நீங்க தலைமை தாங்கக் கூடாது மேடம், சட்டம் அப்படித்தான் என்று எஸ்தர் மேடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். தெரியும், நானே வாசித்துவிட்டேன் என்றேன். துணைத்தலைவர் நடத்தட்டும்.

ஜூலை 29, செவ்வாய்

மூன்றாவது பொருள் வந்ததும் எழுந்து பீர் முகம்மது பாயை உட்காரச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வராந்தாவில் அவர் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அவரையும் உள்ளே விடவில்லை. கூப்பிட்டால் மட்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து நின்றோம். உள்ளே பாயின் குரல் கேட்டது. எந்தெந்தத் தெரு, கம்பத்தில் எவ்வளவு உயரம், எங்கெல்லாம் தோண்ட வேண்டும், எத்தனை நாளில் மூடுவது என்று ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எஸ்தர் மேடம் விண்ணப்பத்தைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளே போய் நானே பதில் சொல்லிவிடலாம் போல் காலெல்லாம் பரபரத்தது.

"பாய் விட மாட்டார் போலுக்கே" என்றார்.

"விட மாட்டார். விடவும் கூடாது."

"எல்லாம் சரியா எழுதியிருக்கேனான்னு ஒருக்கா உங்கிட்டக் காட்டியிருக்கலாம்."

"காட்டியிருந்தா வாங்கியிருக்க மாட்டேன்."

அவர் தலையாட்டினார். பிறகு, பழைய கேபிளை எல்லாம் இறக்கிவிடப் போவதாகச் சொன்னார். இறக்குவதற்கு ஆளைப் பிடித்துவிட்டாராம். நிரஞ்சனாவின் ஆட்கள் இழையை ஒட்டவைக்கச் சொல்லித் தருகிறார்களாம். முடியை முடியோடு ஒட்டுகிற மாதிரி இருக்கிறது, கை நடுங்கக் கூடாது, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் செய்ய வேண்டும் என்றார். சொல்லும்போது இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் இத்தனை வாக்கியம் ஒரே மூச்சில் பேசினார். நான் குறுக்கே பேசவில்லை.

உள்ளே மேஜை தட்டும் சத்தம் கேட்டது. எஸ்தர் மேடம் கதவைத் திறந்து, ஒருமனதா பாஸ் ஆயிருச்சு சார், அதே நிபந்தனைதான் உங்களுக்கும், வைப்புத்தொகை கட்டிட்டு வேலைய ஆரம்பிக்கலாம் என்றார். நான் சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டேன். சந்தோஷத்தை அந்த இடத்தில் வைத்துக் காட்டக் கூடாது என்று தோன்றியது. முடியவில்லை என்று நினைக்கிறேன். எஸ்தர் மேடம் சிரித்தார்.

"பள்ளத்த ஒழுங்கா மூடலன்னா?" என்று என் வீட்டுக்காரர் என்னைக் கேட்டார்.

"நோட்டீஸ் வரும்."

"யாரு அனுப்புவா?"

"நான்தான்."

அவர் சிரித்துவிட்டார். வாய்விட்டு, வராந்தாவில் மனுவோடு காத்திருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி. நான் உள்ளே போனேன். பாய் எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தார். நான்காவது பொருள் தெருநாய்கள். அது பெரிய தகராறில் போய் முடிந்தது. நாளைக்கு எழுதுகிறேன்.